ஊமைக் குழம்பு

டணங். டணங். அப்புறம் இரும்பில் இரும்பு நீளமாக உரசும் ஓசை. மறுபடி டணங். கண்ணுக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே ஆனையூர்த் தெருவில் உச்சிவெயில், வாசற்படி தாண்டியதும் திடீர் இருட்டு. இருபத்து மூன்று வருஷமாக டியூப்லைட்டுக்கு அடியில் பால் பாக்கெட் பார்த்தே பழகிப்போன தவமணியின் கண்கள் பகலுக்குள் வந்து சேர எப்போதும் கொஞ்சம் அவகாசம் கேட்கும். அதனால் அந்தப் புது மெஸ் அவனுக்கு முதலில் வெறும் சத்தமாகத்தான் வந்தது. உள்ளே யாரோ கரண்டியை வாணலியின் விளிம்பில் ஓங்கித் தட்டுகிறார்கள். ஒட்டியிருப்பதை உதறுவதற்குத் தட்டும் தட்டு இல்லை, இரண்டு தட்டுப் போதும் அதற்கு. இது தட்டுவதற்காகவே தட்டுவது, கோயிலில் மணி அடித்துவிட்டு இன்னொரு தடவை அடித்துப் பார்க்கிற மாதிரி. அவன் தோள் தானாகக் குறுகிற்று. பகலில் தூங்குகிறவனுக்கு அடுத்த வீட்டுக் கரண்டிதான் ஜென்ம எதிரி. இப்படியா போட்டுத் தட்டுவாள் ஒருத்தி, என்று நினைத்தான், நினைத்துவிட்டு, ஏன் ஒருத்தி என்று நினைத்தோம், சரக்கு மாஸ்டராக யாராவது ஓர் ஆம்பிளையாகக்கூட இருக்கலாமே என்று அதையும் நினைத்தான். "என்னடா மாப்ள, வாசல்லயே நின்னு தூங்குறியா, உள்ள வா" என்று சவரிமுத்து அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தான். பால் பண்ணையில் சவரிமுத்து பாய்லர், தவமணி பாக்கெட் அடிக்கும் மிஷின், இரண்டு பேருக்கும் மூத்தவர் காசிராஜன், எண்ணிக்கை பார்த்து, பாக்கெட் போடும் பிளாஸ்டிக் டப்பு அடுக்கி வண்டி ஏற்றுகிறவர். காசியண்ணனுக்கு இந்த மாதத்தோடு ஓய்வு. அதற்கான விருந்துதான் இது. ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய் நாலு மணி நேரம் படுத்து எழுந்து, மூன்று பேரும் ஒரே மாதிரி வீங்கிய கண்ணும் வெந்நீர் பட்ட முகமுமாக வந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் இந்த வெளிச்சத்தில் பார்த்தது பத்து தடவை இருக்குமா. காசியண்ணனுக்கு இவ்வளவு நரையா.

வீட்டின் முன்கூடத்தையே இடித்து அகலமாக்கி மெஸ்ஸாக்கியிருந்தார்கள். ஆறு கல் மேஜை, புதுச் சுண்ணாம்பு வாசனை, சுவரில் ஒரு ஜன்னல் மாதிரி வெட்டி அதன் வழியாகச் சமையலறையிலிருந்து சாப்பாடு வருகிறது. அந்த ஜன்னலை ஒட்டிக் கைகழுவும் தொட்டி. திறந்து மூன்று வாரம்தான் ஆகிறது, இன்னும் பெயர்ப்பலகை எழுதவில்லை. மீசைக்கு மை அடித்த ஓர் ஆள் வந்து இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். "சாம்பார், மோர்க்குழம்பு, அப்புறம் நம்ம கடை ஸ்பெசல் ஊமைக் குழம்பு." சவரிமுத்து விடுவானா. "ஊமையா? எங்க வீட்ல வெக்கிற குழம்பெல்லாம் வாய் பேசும்ணே. ஒவ்வொரு வாய்க்கும் எங்காத்தாள ஒரு தடவ திட்டும்." அந்த ஆள் சிரித்தார். "அக்கா வெச்ச பேருங்க. தாளிப்பே கெடையாது அதுக்கு. மத்ததெல்லாம் தாளிச்சு ஊரக் கூட்டிருவாங்க, இத மட்டும் தாளிக்க மாட்டாங்க. சாப்ட்டுப் பாருங்க, மூக்குல ஏறும்." தாளிக்காத குழம்பு. அந்தச் சொல் தவமணியின் காதில் விழுந்து, எங்கேயோ ஒரு படி இறங்கி, அங்கே நின்றது. அவன் பொரியலைப் பார்த்தான். வாழைக்காய். அப்பளத்தைப் பார்த்தான். சோற்றில் ஆவி. காசியண்ணன் கண்ணை மூடி ஒரு வினாடி கும்பிட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த ஆள் குழம்பை ஊற்றினார். மண் நிறம். மேலே பச்சை நல்லெண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. கடுகு ஒன்றுகூட மிதக்கவில்லை. கறிவேப்பிலை இல்லை. பிசைந்தான், விரலுக்கு நசுங்கிய சின்ன வெங்காயம் தட்டுப்பட்டது, கத்தி படாமல் கையாலேயே நசுக்கின வெங்காயம், விரல் அதை அடையாளம் கண்டுகொண்டது, அவனுக்கு முன்னால், அவன் வாய்க்கு முன்னால். அப்புறம் வாயில் வைத்தான்.

வைத்தவன் மெல்லவில்லை. முதலில் புளி. அதன் பின்னால், நாக்கின் பக்கவாட்டில், அரைத்தும் அரைபடாத பச்சைக் கடுகின் காரம், அது மூக்குத் தண்டில் ஏறி இரண்டு கண்ணுக்கும் நடுவில் போய்க் குத்தியது, கடைசியில் ஒரு கசப்பு, மிகச் சின்னக் கசப்பு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. பஞ்சவர்ணம். உடம்பு சொல்லிவிட்டது. அவன் இன்னும் சொல்லவில்லை. இந்தக் குழம்பை உலகத்தில் ஒருத்திதான் வைப்பாள், ஏனென்றால் உலகத்தில் ஒருத்திக்குத்தான் இதை வைக்க வேண்டிய அவசியம் வந்தது. செல்லூரில் ஒற்றை அறை வீடு. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் அவன் பாய். காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் சாயங்காலம் நாலு வரை அவன் தூங்க வேண்டும், தூங்கினால்தான் ராத்திரி மிஷினில் விரல் போகாது. அதனால் அவள் குக்கர் வைத்ததில்லை. பாத்திரங்களுக்கு அடியில் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டிருப்பாள். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் வளையல். இருமல் வந்தால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். டிவியைச் சத்தமே இல்லாமல் வைத்து, அதில் யாரோ யாரையோ அழ வைப்பதைப் பார்த்துக்கொண்டு தானாகவே கதை கட்டிக்கொள்வாள். சாயங்காலம் அவனிடம் சொல்வாள், இன்னைக்கு மாமியார் மருமககிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு. கேட்டதாக இவள் வைத்துக்கொண்டதுதான். அம்மி கிடையாது, மிக்ஸி கிடையாது. கடுகை ராத்திரியே ஊறப் போட்டுத் துணியில் முடிந்து, பூரிக்கட்டையை அதன் மேல் வைத்து உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துவாள். சத்தமே வராது. கொதி அடங்கினதும் மேலே பச்சை எண்ணெய். தாளிக்க முடியாதே, கடுகு வெடிக்குமே. ஏன் வெடிக்கக் கூடாது, அது எப்போதிலிருந்து, என்று நினைவு அந்த வாணலியின் பக்கம் திரும்பப் பார்த்தது. வேண்டாம், அது வேண்டாம் என்று அவன் சோற்றை விழுங்கினான். பதினாலு வருஷம். ஒரு பிள்ளை இருந்திருந்தால் அது அழுதிருக்கும், அதை என்ன செய்திருப்பாளோ.

டணங், என்றது உள்ளே. அவன் உடம்பு தூக்கிப்போட்டது. அவள் இல்லை. அவள் தட்ட மாட்டாள், தட்டுவது எப்படியென்றே அவளுக்குத் தெரியாது, பதினாலு வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு ஸ்பூன் விழுந்து கேட்டதில்லை. இந்தச் சத்தம் வேறு யாரோ, இந்தக் குழம்பு வேறு யாரிடமிருந்தோ கற்றது. அவளிடமிருந்து யாராவது கற்றிருக்கலாம். கரூரில், அவள் அக்கா வீட்டில், பக்கத்து வீட்டுப் பெண் யாராவது. "என்னடா, முள்ளு மாட்டுன மாதிரி முழிக்கிற, இது சைவம்டா" என்றான் சவரிமுத்து. "காரம்" என்றான் தவமணி. குரல் வந்தது, அதுவே அதிசயம். "அக்கா எந்த ஊருங்க?" என்று அவன் வாயே அந்த மைமீசை ஆளைக் கேட்டுவிட்டது. "மதுரைதான். இடையில ஒம்பது வருசம் கரூர்ல, காலேஜ் ஹாஸ்டல்ல தலைமைச் சமையல். முந்நூறு பேருக்கு ஒத்தை ஆளா நின்னு சமைச்ச கை." கரூர். ஒன்பது. இந்த ஆள் யார்? அக்கா என்கிறார், அப்படியென்றால் அது இல்லை. ஊருக்காக அக்கா என்று சொல்லிக்கொண்டு, ஆனால் மீசைக்கு மை எதற்கு, ஐம்பது வயசுக்கு மேல் ஒருத்தன் யாருக்காக மீசைக்கு மை அடிப்பான். சீ, என்ன நினைப்பு இது. இங்கே தலை போகிறது, மீசையைப் பற்றி என்ன. தலை போகிறது என்றால், காரணம் குழம்பு இல்லை, அவளும் இல்லை. காரணம் இதோ இடது பக்கம் மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டிருக்கும் காசியண்ணன். வலது பக்கம் சவரிமுத்து. இவர்கள் இரண்டு பேரையும் பொறுத்தவரை பஞ்சவர்ணம் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. செத்தாள் என்று சொன்னது தவமணி.

அவள் போனது அவனுக்குத் தெரியவே ஒன்றரை நாள் ஆயிற்று. அதை யாரிடம் சொல்வது. முதல் நாள் எழுந்தான், சோறு மூடியிருந்தது, தின்றான், கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்து ஷிப்டுக்குப் போனான். மறுநாள் காலை வந்தான், படுத்தான், வீடு எப்போதும் போல் நிசப்தமாக இருந்தது, நன்றாகவே தூங்கினான். அவள் இருந்தபோதும் அப்படித்தானே இருந்தது. சாயங்காலம் மூடிய பாத்திரம் இல்லாதபோதுதான் உறைத்தது. அடுத்த வீட்டுக்காரி வாசலில் நின்றபடி சொன்னாள்: சத்தமாச் சமைக்கணும் போல இருக்குக்கான்னு சொல்லிட்டுப் பையத் தூக்கிட்டுப் போச்சு. அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் பாயில் உட்கார்ந்து இரண்டு நாள் யோசித்தான். கரூருக்கு போன் செய்தபோது அவள் அக்கா, தேடி வராதீங்க என்று வைத்துவிட்டாள். நாலாம் நாள் ஷிப்டுக்குப் போனால் சூப்பர்வைசரும் பன்னிரண்டு பேரும் நின்று பார்க்கிறார்கள், தாடி, சிவந்த கண், எங்கய்யா போன. காய்ச்சல் என்று சொல்லத்தான் வாய் திறந்தான். பன்னிரண்டு பேர். விட்டுட்டுப் போயிட்டா என்று அத்தனை முகத்துக்கு முன்னால் சொல்ல முடியாது, காய்ச்சல் என்றால் நம்ப மாட்டார்கள். "சம்சாரம் செத்துப்போச்சு சார். கரூர்ல, அவங்கக்கா வீட்ல. ஹார்ட்டு." அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அதை மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தான். ஆனால் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு, யார் வீட்டிலாவது சாவு என்றால் அன்று ராத்திரி மிஷினிலிருந்து விழும் முதல் பாக்கெட் டப்புக்குப் போகாது. மூத்தவர் அதை எடுத்து, மூலையைப் பிளேடால் வெட்டி, கேட்டுக்குப் பக்கத்து வேம்பின் வேரில் ஊற்றுவார். மற்றவர்கள் ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சிமெண்டுத் தரையின் குளிரில் நிற்பார்கள். காசியண்ணன் ஊற்றினார். பாலை ஊற்றியபடி அவர் அழுதார், அவர் கண்ணில் காணாத பொம்பளைக்காக. அதற்கு அப்புறம் எப்படித் திருத்துவது. ஊற்றின பாலை எப்படி அள்ளுவது. வருஷா வருஷம் அதே தேதி, அவன் சொன்ன தேதி, முதல் பாக்கெட் பஞ்சவர்ணத்துக்கு. அதன் பின்னால் அவர்கள் வீட்டுக்கு வருவோம் என்றதால் ஒரு போட்டோ தேவைப்பட்டது. கல்யாணப் போட்டோவிலிருந்து தன்னை வெட்டியெடுத்துவிட்டு அவளைப் பெரிசு பண்ணி மாட்டினான். ஓரத்தில் அவன் தோளின் ஒரு துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடு மாறி ஆனையூர்ப் பக்கம் வந்தபோதுகூட அந்தப் படத்தைத்தான் முதலில் பொதிந்தான்.

"வியாழக்கிழம" என்றார் காசியண்ணன் திடீரென்று. தவமணி தண்ணீர் டம்ளரை எடுத்தான். "வர்ற வியாழக்கிழம வர்ணத்தோட நாளு. என் கையால கடைசிப் பாக்கெட்டு. அடுத்த வருசம் சவரிதான் வெட்டணும்." "நானா, எனக்கு மந்திரமெல்லாம் தெரியாதுண்ணே, நான் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி ஊத்துவேன், பரவாயில்லையா?" "எதச் சொல்லி ஊத்துனாலும் போய்ச் சேரும்டா." காசியண்ணன் கையை இலையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் யோசித்தால் ஆபத்து என்று தவமணிக்குத் தெரியும். அவர் பெண்ணுக்கு வரன் தட்டித் தட்டிப் போனபோது, தவமணி வீட்டுக்கு வந்து அந்தப் படத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பூவும் பொட்டுமாப் போனவ, கேட்டாச் செய்வா என்றார். அந்த மாதமே அமைந்தது. முதல் பத்திரிகையை மஞ்சள் தடவிப் படத்துக்கு முன்னால்தான் வைத்தார். அன்று தவமணி பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான், படத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்திருந்தான், அதைத் துக்கம் என்று அண்ணன் நினைத்துத் தட்டிக்கொடுத்தார். "ஒரு வேல செய்வோம்" என்றார் இப்போது. "இந்தத் தடவ வெறும் பாக்கெட்டோட விட வேணாம். பகல்ல ஒரு படையல் போட்டு, ஷிப்டு ஆளுக பத்துப் பேரையும் கூப்ட்டுச் சோறு போடுவோம். சாப்பாடு இங்கயே சொல்லிருவோம். கை நல்லாருக்கு." "வேணாம்ணே" என்றான் தவமணி. "ஏன் வேணாம்?" ஏன் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கரண்டி தட்டிக்கொண்டிருந்தது. "அலைச்சல் உங்களுக்கு" என்றான். "அடப் போடா. ஏங்க, அந்தம்மாவக் கொஞ்சம் வரச் சொல்லுங்க, பத்துப் பேருக்குச் சாப்பாடு சொல்லணும்." மைமீசை ஆள் ஜன்னலில் குனிந்து உள்ளே சொன்னார். கரண்டி நின்றது. எழுந்து ஓடலாம். வயிறு சரியில்லை என்று சொல்லலாம், வேகமாக நடந்தால் வாசல் எட்டு அடி. கால் எங்கே. கால் மேஜைக்கு அடியில் வேறு யாருடையதோ மாதிரிக் கிடந்தது. அவள் இல்லை, அவளாக இருக்காது, அவளாக இருந்தால் காசியண்ணன் கண்டுபிடித்துவிடுவாரே, ஒன்பது வருஷமாகக் கும்பிடுகிற முகமாயிற்றே.

அவர் கண்டுபிடிக்கவில்லை. அவள் வந்து நின்றாள், அவரும் நிமிர்ந்து பார்த்து, வாங்கம்மா என்றார், அவ்வளவுதான். படத்தில் இருந்தது இருபத்து மூன்று வயசு, குனிந்த கண், காதோரம் கனகாம்பரம். வந்து நின்றது தடித்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, முன்பக்கம் முழுக்க நரை, சேலையைத் தூக்கிச் செருகி, ஒரு கையில் பாதி உரித்த சின்ன வெங்காயம். மாலைக்கு வேண்டிய வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்திருப்பாள் போல. கை நிறையக் கண்ணாடி வளையல். அவை பேசிக்கொண்டே வந்தன. "சொல்லுங்கண்ணே!" இரண்டு மேஜைக்குக் கேட்கிற குரல். தவமணிக்கு அந்தக் குரலைத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது கிசுகிசுப்புதான். அதன் உள்ளே இவ்வளவு பெரிய குரல் மடித்து வைத்திருந்ததா. அவள் கண் அவன் மேல் வந்து விழுந்தது. வெங்காயத்தில் விரல் நின்றது. முகத்தில் ஒன்றும் அசையவில்லை, விரல் மட்டும் நின்றது. "வியாழக்கிழம மத்தியானம், பத்து எல, நம்ம தவமணி வீட்டுக்கு, அடுத்த தெருதான்" என்றார் காசியண்ணன். "இவரு சம்சாரத்தோட நினைவு நாளு." "ஓ" என்றாள் அவள். மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். "அவங்க பேரு?" "பஞ்சவர்ணம்." "எப்பத் தவறுனாங்க?" "ஒம்பது வருசம் முடியுது." "எதுல?" "ஹார்ட்டு" என்றான் சவரிமுத்து, வாயில் அப்பளத்தோடு. "ஹார்ட்டா" என்றாள், மருந்துச் சீட்டைச் சரிபார்க்கிற மாதிரி. "தூக்கத்துலயே போயிட்டாங்களாம்மா, புண்ணியவதி. ஒரு சத்தம் இல்ல." "சத்தமில்லாம" என்றாள் அவள். தவமணி இலையைப் பார்த்தான். இப்போது சொல்வாள். இப்போது அந்தப் பெரிய குரலில் சொல்வாள், ஆறு மேஜையும் திரும்பும், காசியண்ணன் கையில் இருக்கும் கவளம் அப்படியே நிற்கும். சொல்லட்டும். சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லாமல் இருக்கட்டும். சொல்லிவிடு தாயே. அவள் சொன்னது வேறு. "படையலுன்னா அவங்களுக்குப் புடிச்சதத்தானே வெக்கணும். என்ன புடிக்கும் அவங்களுக்கு?" காசியண்ணன் திரும்பினார். "சொல்லுப்பா." அவன் வாய் திறந்தான். என்ன பிடிக்கும். அவனுக்குப் பிடித்தது அவளுக்குத் தெரியும், கருவாட்டில் கத்தரிக்காய் போட்டால் பிடிக்கும், ரசத்தில் மிளகு தூக்கல். அவள் தின்று அவன் பார்த்திருக்கிறானா? அவன் எழுந்து சாப்பிடும்போது அவள் சாப்பிட்டு முடித்திருப்பாள். முடித்திருப்பாள் என்றுதான் நினைத்தான். இனிப்பா. புளிப்பா. ஐஸ் தின்பாளா. பதினாலு வருஷத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினான், ஒரு பண்டம் விழவில்லை. "தெரியலைங்க" என்றான். ங்க. தன் பெண்டாட்டியைப் பார்த்து. "என்னடா இது!" என்றான் சவரிமுத்து, உண்மையிலேயே அதிர்ந்துபோய். "பதினாலு வருசம் குடும்பம் நடத்திருக்க, கட்டுனவளுக்கு என்ன புடிக்கும்னு தெரியாதா?" "விடுங்கண்ணே" என்றாள் அவள். "எனக்குத் தெரிஞ்சத வெக்கிறேன்." வளையல்கள் பேசிக்கொண்டே உள்ளே போயின.

கை கழுவ எழுந்தான். எழுந்தது காலா, பயமா, தெரியவில்லை. தொட்டி ஜன்னலுக்குப் பக்கத்தில். குழாயைத் திறந்தான், தண்ணீர் விழுந்தது, ஒரு கை தூரத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், எதிரே முறத்தில் வெங்காயக் குவியல். பாதி உரித்ததை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் போட்டிருந்தாள். இடது மணிக்கட்டில், வளையல்கள் ஒதுங்கின இடத்தில், அது இருந்தது. ஒரு பழைய காசு அளவு, ஓரம் சுருங்கிய வெள்ளைத் தோல். இனித் திரும்பிக்கொள்ள இடமில்லை. கல்யாணமாகி நாலாவது மாதம். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தது, பட்டாசு மாதிரி, தூக்கத்தின் நடுமண்டையில். எழுந்து வந்து ஒரு வார்த்தை பேசாமல் வாணலியைத் தட்டிவிட்டான். எண்ணெய் எங்கே போயிற்று என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து படுத்தான். அவள் கத்தவில்லை. அதைத்தான் அவன் இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்தான், கத்தவில்லையே, அப்படியென்றால் பெரிதாகப் பட்டிருக்காது என்று. கத்தினால் அவன் எழுந்துவிடுவானே என்று கத்தாமல் இருந்தாள் என்பது, இதோ, தண்ணீர் விரலில் விழுந்துகொண்டிருக்கும் இந்த நிமிஷத்தில்தான், ஐம்பத்தொன்றாவது வயசில் தெரிகிறது. மறுநாளிலிருந்து தாளிக்காத குழம்பு. நல்லாருக்கே என்று சொல்லிச் சாப்பிட்டான். நல்லாருக்கே. "படத்துக்கு மாலையெல்லாம் போடுறீங்களா?" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். குரல் தணிந்திருந்தது, ஆனால் அந்தப் பழைய கிசுகிசுப்பு இல்லை, தானாகத் தணித்துக்கொண்ட குரல். "ம்." "பூவா?" "பிளாஸ்டிக்." அவள் மூக்கால் சிரித்தாள். "அதானே." "நான் சொல்லிரவா?" என்றான். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "சொல்லுங்க, சொல்லாமப் போங்க. எனக்கென்ன. செத்ததுக்கப்புறம் நான் நல்லாத்தான் இருக்கேன்." அப்புறம் சொன்னாள்: "பால ஊத்துறாராமே அந்தப் பெரியவரு, எல போடுற மாணிக்கத்துக்கிட்ட இப்பச் சொல்லிட்டிருந்தாரு. வருசா வருசமா?" "ம். அழுவாரு." கண்ணாடியைக் கழற்றித் தோளில் துடைத்து மாட்டிக்கொண்டாள். வெங்காயமாக இருக்கலாம். "அவரு பாவம்" என்றாள்.

ஐந்தடி. ஜன்னலிலிருந்து மேஜைக்கு ஐந்தடிதான், அதற்குள் மனசு பண்ணைக்குப் போய் வந்தது, வேம்பின் வேரைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்த மண், வெறுங்காலோடு பன்னிரண்டு பேர், அவர்களில் நாலு பேர் இன்று உயிரோடு இல்லை, அவர்களுக்கும் அதே வேம்புதான், உண்மையான சாவுகளுக்கு நடுவில் இவன் பொய்யும் ஊறிப்போய்க் கிடக்கிறது. சொல்லாவிட்டால் வியாழக்கிழமை அவள் தன் கையால் சமைத்து அனுப்புவாள், தன் படத்துக்கு முன்னால் வைக்க. காசியண்ணன் விழுந்து கும்பிடுவார். அது நடக்கும், தாராளமாக நடக்கும், ஒன்றும் இடிந்து விழாது, அதுதான் பயங்கரம். சொன்னால்? இருபத்து மூன்று வருஷச் சிநேகிதம். வேறு யார் இருக்கிறார்கள் அவனுக்கு. அண்ணன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை. அந்த முகத்தை இனி எப்படிப் பார்ப்பது. உட்கார்ந்தான். காசியண்ணன் மோர்ச் சோற்றில் கடைசியாக இருந்த ஊமைக் குழம்பைத் தொட்டுக்கொண்டிருந்தார். "இந்தக் கொழம்பையும் படையல்ல வெக்கச் சொல்லிரலாமா?" என்றார். "காசியண்ணே" என்றான் தவமணி. மெதுவாகத்தான் ஆரம்பித்தான், அவனுக்குத் தெரிந்ததே மெதுவாகப் பேசுவதுதான். பிறகு, ஜன்னல் வரை கேட்கட்டும் என்று சொன்னான். "வியாழக்கிழம பாக்கெட்ட வெட்டாதீங்க. அவ சாகலண்ணே." சவரிமுத்து சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தான், நகைச்சுவை எங்கே என்று தேடினான், தேடிக் கிடைக்காமல் மூடினான். "என்னடா சொல்ற?" "நான் பொய் சொன்னேன். அன்னைக்கு சூப்பர்வைசர் கேட்டப்ப. அவ என்ன விட்டுட்டுத்தான் போனா. போக வெச்சது நான்தான். உயிரோட இருக்கா." காசியண்ணனின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மோர் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு இறங்கியது, அவர் துடைக்கவில்லை. அவர் கண் தவமணியின் முகத்தில் எதையோ தேடி, அங்கே இருந்ததைக் கண்டு, மெல்ல நகர்ந்து, இலையில் மிச்சமிருந்த குழம்புக்குப் போய், அங்கிருந்து அந்த ஜன்னலுக்குப் போயிற்று. "எம் பொண்ணு பத்திரிகைய" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. ஜன்னல் சட்டத்துக்குள் ஒரு கை மட்டும் தெரிந்தது, மணிக்கட்டில் வெள்ளைத் தழும்பு, வளையல்கள். அது மடியிலிருந்து எழுந்து, விளிம்பில் வைத்திருந்த பாதி வெங்காயத்தை எடுத்து, மீதித் தோலை நகத்தால் கிள்ளி உரித்து முறத்தில் போட்டது. அடுத்ததை எடுத்தது.